அப்பீல் ஜெயித்ததற்குக் காரணம் கேட்டவர்

வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து பார்க்கையில் கண்ணாடி வைப்பருக்கு அடியில் அபராதச் சீட்டு செருகியிருந்தால் மனிதன் என்ன செய்வான்? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாலு வார்த்தை திட்டுவான், வீட்டில் மூச்சு விடாமல் போய்க் கட்டிவிடுவான். கொஞ்சம் ரோஷக்காரனாக இருந்தால் கட்டாமல் திட்டிக்கொண்டே இருப்பான். இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இங்கே சொல்ல வந்தது இன்னொரு ரகத்தை. அது கட்டவும் கட்டாது, திட்டவும் திட்டாது. சீட்டைக் கசங்காமல் உருவும். வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்க்கும். அப்போது அதன் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது என்று சேதி வந்த மாதிரி. பிறகு நிதானமாக ஒரு வார்த்தை சொல்லும்: "கேட்டுப் பாத்துடுவோம்."

யாரைக் கேட்கும்? நகராட்சியை. என்னவென்று கேட்கும்? அபராதத்தை ரத்து செய்யுங்கள் என்றா? சேச்சே. அது பொழைப்பு உள்ளவன் கேட்பது. இந்த ரகம் கேட்பது தகவல். போன வருடம் வண்டி நிறுத்திய அபராதத்துக்கு எத்தனை பேர் அப்பீல் போட்டார்கள், அதில் எத்தனை பேருடையது ஏற்கப்பட்டது, ஏற்றவர் யார், அவருடைய பதவி என்ன, அந்தப் பதவியில் அவரை உட்கார வைத்த உத்தரவு எது, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தாரா வேலையில் இருந்தாரா, இத்தனைக்கும் ஆதாரமான காகிதங்களின் நகல்கள், நகல்கள் உண்மையானவை என்பதற்கான சான்று. இவ்வளவுதான். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இந்த ரகத்தில் அசல் சரக்கு ஒன்றைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்துகிறோம். தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். தெருவில் வழங்கும் பெயர் மனுக்காரர். ஸ்கூட்டரின் பின்னால் ஸ்பானர் பெட்டி, முன்னால் தபால் பை. பெட்டி திறக்கும் நாளைவிடப் பை திறக்கும் நாள் அதிகம். மூலைக்கடை செராக்ஸ்காரர் இவரைக் கண்டால் எழுந்து நிற்பார். இவர் எடுத்த நகல்களாலேயே பழைய மிஷினைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கியவர் அவர். மரியாதை இருக்காதா?

மனுக்காரரின் நித்திய கடமைகளைக் கேளுங்கள். தபால்காரர் வரும் நேரத்தில் எந்த வீட்டு ஃபிரிட்ஜையும் தொட மாட்டார். பதிவுத் தபால் ரசீதைச் சட்டைப் பையில் வைக்க மாட்டார், வியர்வை பட்டு எழுத்து அழியும் என்று. பதில் வந்தால் நின்றுகொண்டு பிரிக்க மாட்டார். உட்கார்ந்து, கண்ணாடி மாட்டி, உறையின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் நீளவாக்கில் கீறி, முதலில் முத்திரையைப் பார்ப்பார், பிறகு தேதியை, பிறகு கையெழுத்தை. விஷயத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். விஷயம் யாருக்கு வேண்டும்? கேட்ட தகவல் எல்லாம் முழுதாக வந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் மனுஷன் சோர்ந்து கிடப்பார். பாதி வந்தால் தேவலை. "தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்று வந்துவிட்டால் போதும், கொண்டாட்டம். அதைத் தெருமுனை வரைக்கும் எடுத்துப் போய்க் காட்டுவார். "இல்லைன்னு எழுத்துலயே குடுத்துட்டான் பாரு" என்பார். என்ன இல்லை, ஏன் இல்லை, இருந்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

அவர் கையில் அபராதச் சீட்டைக் கொடுத்தவர்கள் தெருவில் பலர் உண்டு. ஒருவருடைய அபராதமும் ரத்தானதில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் இன்று நகராட்சியின் அப்பீல் பிரிவில் எத்தனை மேசை இருக்கிறது என்று தெரியும். அது சின்ன விஷயமா?

இதே ஆள் தன் தொழிலில் எப்படி? "ஏங்க, ஃபிரிட்ஜ் ஏன் நின்னு போச்சு?" என்று வீட்டம்மா கேட்டால் "கம்ப்ரஸர்" என்பார். "கம்ப்ரஸர் ஏன் போச்சு?" என்றால் "போற நேரம் வந்துடுச்சு" என்பார். மூன்றாவது கேள்வி கேட்டவர் வீட்டுக்கு அடுத்த தடவை போக மாட்டார்.

இவருக்கு ஒரு மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன் பழசு, ஆனால் சொந்தம். காலையில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளியில் கொட்டுவார், சாயங்காலம் அள்ளிக்கொண்டு வந்து அவரவர் வாசலில் இறக்குவார். வீட்டில் அடுப்பு எரிவது வேனால்தான். ஃபிரிட்ஜுகளை நம்பியிருந்தால் அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும்.

ஒருநாள் காலை, வேனில் பின் சீட்டுப் பொடியன் ஒருவன் வாந்தி எடுத்துவிட்டான். அவன் மேல் கொஞ்சம், பக்கத்தில் இருந்தவள் மேல் நிறைய. அந்தப் பெண் போட்ட கூச்சலில் மற்றவர்களுக்கும் குமட்ட ஆரம்பித்தது. வேன்காரம்மா கண்ணில் பட்ட முதல் இடத்தில் ஓரம் கட்டினார். வங்கி வாசல். கண்டிப்பாக நிறுத்தக் கூடாத இடம், பலகையே இருக்கிறது. வங்கிக் காவலாளியிடம் கெஞ்சித் தண்ணீர்க் குழாயடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், முகம் கழுவி, சட்டை அலசி, மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினால் வைப்பருக்கு அடியில் சீட்டு.

இது சாதாரணச் சீட்டாக இருந்தால் அவரே போய்க் கட்டித் தொலைத்திருப்பார். ஆனால் பள்ளி வேனுக்குச் சட்டம் வேறு. அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், பர்மிட்டில் கறுப்புப் புள்ளி விழும். கட்டாமல் விட்டால் பாக்கி நிற்கும், பர்மிட்டே புதுப்பிக்க முடியாது. அப்பீல் போட்டு ரத்தானால்தான் பிழைப்பு. பர்மிட்டோ வரப்போகிற லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று காலாவதி. இதெல்லாம் பள்ளிக்கூடத்து மேலாளருக்கும் தெரியும். அவர் முன்ஜாக்கிரதையாக வேறொரு வேன்காரரிடம் பேசி வைத்திருக்கிறார் என்பது வேன்காரம்மாவுக்கும் தெரியும்.

வீட்டில் இப்பேர்ப்பட்ட நிபுணரை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போவது? சீட்டைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"உடனே அப்பீல் எழுதக் கூடாது" என்றார் மனுக்காரர். களத்தை அளக்காமல் இறங்குகிறவன் முட்டாளாம். வாந்தி காரணமாக இதுவரை வந்த அப்பீல்கள் எத்தனை, அவற்றில் பிள்ளைகளின் வாந்தி எத்தனை, பெரியவர்களின் வாந்தி எத்தனை, எந்த வாந்திக்கு அதிகாரிகள் இரங்கியிருக்கிறார்கள், இதெல்லாம் கையில் வந்த பிறகு அடித்தால் அடி சரியாக விழுமாம். கேள்விகளை எழுதவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. செராக்ஸ்காரர் எழுந்து நின்றார். தபால் போனது. பதில் வரவில்லை. நினைவூட்டல் போனது. அதற்குப் பதிலாக, முதல் மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு காகிதம் வந்தது. மனுக்காரர் அதை வாசித்துக் காட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏங்க, அப்பீலுக்குக் கடைசித் தேதி வருதுங்க" என்றார் மனைவி.

"வரட்டுமே. நம்ம கையில தகவல் வந்துடும்ல."

"தகவல் வந்து என்னத்த கிழிக்கப் போறோம், தேதி போயிட்டா?"

தேதி போய்விட்டால் ஏன் போனது என்று கேட்கலாம் என்றார் மனுக்காரர். அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த ரகத்துக்கு விளையாட்டாகப் பேசத் தெரியாது.

மறுநாள் பெட்ரோல் போடும் வரிசையில் நிற்கும்போது, வேன்காரம்மா ஸ்டியரிங் மேல் ஒரு தாளை வைத்து எழுதினார். "ஐயா, வேனில் பிள்ளை வாந்தி எடுத்தது. கழுவிவிட நிறுத்தினேன். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது." கீழே பெயர், வண்டி எண். போகிற வழியில் நகராட்சி வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு முன்னால் போன லாரியை முந்திக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. "தங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. அபராதம் ரத்து." அவ்வளவுதான்.

நீங்களும் நாமும் என்ன செய்வோம்? வாயெல்லாம் பல்லாக நிற்போம். வேன்காரம்மா அப்படித்தான் நின்றார். மனுக்காரரோ அந்தக் காகிதத்தைச் சாவுச்சேதி மாதிரி வாசித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"காரணம் எங்க?" என்றார்.

"எதுக்குக் காரணம்?"

"ஏத்துக்கிட்டதுக்கு."

"ஏத்துக்கிட்டாங்கல்ல, அப்புறம் என்ன."

அப்புறம் என்னவா? இத்தனை வருடமாக அவர் எழுதி எழுதித் தேய்ந்த கதவு அது. தெருவில் அத்தனை பேருக்காகவும் தட்டியிருக்கிறார், ஒருதடவை திறந்ததில்லை. பெட்ரோல் வரிசையில் எழுதிய துண்டுத்தாளுக்கு அது தானாகத் திறந்துகொண்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் புரண்டார். மனைவி ஜெயித்ததில் அவருக்கு வருத்தம் இல்லை, அப்படிச் சொன்னால் பாவம். ஏன் ஜெயித்தாள் என்று தெரியாததுதான் வருத்தம். இதை மனைவியிடம் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தெரிந்ததால் சொல்லாமலே மறுநாள் தபால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேற்படி அப்பீல் எந்தக் காரணத்தால் ஏற்கப்பட்டது, அந்தக் காரணம் எழுதப்பட்ட குறிப்பின் நகல். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கையில் வேன்காரம்மாவுக்கு இரண்டாவது காகிதம் வந்தது. முன்பு தெரிவித்த ஏற்பு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாகவும், குழு கூடி மறுபடி முடிவு செய்யும் என்றும், குழு அடுத்த மாதம் கூடும் என்றும் அதில் இருந்தது.

அந்த அம்மாள் வேனை நேரே நகராட்சிக்கு விட்டார். இந்தத் தடவை நிறுத்த வேண்டிய இடத்தில்தான் நிறுத்தினார்.

மாடியில் நீளமான அறை. தகவல் பிரிவும் அப்பீல் பிரிவும் அந்த ஒரே அறைதான். தகவல் மேசையில் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஜாதி. அவருடைய நாற்காலியின் முதுகில் முதுகு இடிக்கிற மாதிரி அப்பீல் மேசையின் பெரியவர், வழுக்கைத் தலை, ஓய்வுக்கு நெருங்கிய வயது. இவர் தும்மினால் அவர் மேசைக் காகிதம் பறக்கும். ஆனாலும் அலுவல் விஷயமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சண்டையெல்லாம் இல்லை, மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். அலுவல் என்றால் எழுத்துதான். குறிப்பு எழுதித் தட்டில் வைத்தால், உதவியாளர் அதை எடுத்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடுத்த தட்டில் வைப்பார்.

தகவல் அம்மாள் பொறுமையாக விளக்கினார். ஏற்றதற்குக் காரணம் கேட்டு ஒரு மனு வந்தது. அவர் அப்பீல் பிரிவுக்குக் குறிப்பு அனுப்பினார். காரணம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்று பதில் குறிப்பு வந்தது. காரணம் எழுதாத முடிவு முடிவாகாது என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. அதனால் குழுவுக்குப் போயிற்று.

"காரணத்தை இப்ப எழுதிட்டா ஆகாதா மேடம்? சார் இங்கதான இருக்காரு, உங்களுக்குப் பின்னாடி."

"இப்ப எழுதினா முன்தேதி போட்டு எழுதின மாதிரி ஆயிடும்மா. வேலை போயிடும்."

"அப்ப வாயால சொல்லச் சொல்லுங்க."

"வாயால சொன்னா அது பேச்சு. தகவல் கிடையாது."

வழுக்கைத் தலை அசையவில்லை. ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

அந்தச் சுற்றறிக்கையை எவன் போட வைத்தான் என்று வேன்காரம்மா கேட்டார். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் காரமாகவே கேட்டார். தகவல் அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து இறக்கி, ஃபைலைப் புரட்டி, மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் ஒருத்தர் எழுதி எழுதி உயிரை எடுத்தாரும்மா. முடிவுக்குக் காரணம் ஏன் எழுதி வைக்கிறதில்லைன்னு. தாங்க முடியாம மேலிடத்துல இதைப் போட்டாங்க." ஃபைலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சேர்த்தார்: "விலாசம் உங்க விலாசம்தான்."

காரணம் கேட்ட மனுவும் அதே விலாசத்திலிருந்துதான் வந்தது என்பது அப்போதுதான் வேன்காரம்மாவுக்கு உறைத்தது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் சாவிக் கொத்து இருந்தது.

வழி ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றார் தகவல் அம்மாள். கேட்டவர் தன் மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வியே இல்லையென்றால் பதிலும் வேண்டாம், பதில் வேண்டாமென்றால் காரணம் இல்லாத குறையும் இல்லை. முதலில் ஏற்றது ஏற்றபடி நிற்கும்.

வேன்காரம்மா எழுந்து போகும்போது அப்பீல் பெரியவர் நாற்காலியைச் சரேலென்று திருப்பினார். அவரைக் கிட்டே வரச் சொல்லிக் கையை ஆட்டினார். குனிந்த காதில் ஏதோ சொன்னார். நீளமாக ஒன்றுமில்லை, ஒரு மூச்சில் சொல்லி முடிகிற விஷயம்தான். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருந்த கோபமெல்லாம் போய், படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வேனில் ஏறிய பிறகும் சிரித்து, சாவியைப் போடவே சற்று நேரமானது.

வீட்டில் மனுக்காரர் உறை ஒட்டிக்கொண்டிருந்தார். மனைவி வாபஸ் காகிதத்தை அவர் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தார். அவர் வாசித்தார். முகம் வெளுத்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு மனுவையும் நான் வாபஸ் வாங்கினதில்ல."

"இத்தனை வருஷத்துல ஒரு நாளும் நான் வேன் எடுக்காம இருந்ததில்ல."

அவர் சமாதானம் பேசினார். குழு நிச்சயம் ஏற்கும், அடுத்த மாதம்தானே, எழுத்தில் காரணத்தோடு வந்தால் வரப்போகிற தலைமுறைக்கே உபயோகம் என்றார். மனைவி குரலை உயர்த்தவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, பர்மிட் காட்டாவிட்டால் ரூட் மேலாளர் பேசி வைத்த அந்த ஆளுக்குப் போகிறது, போனது போனதுதான், வரப்போகிற தலைமுறை வீட்டு அடுப்பை ஏற்றாது என்று வரிசையாகச் சொன்னார். "நீங்க ஃபிரிட்ஜ் பாக்கப் போறப்ப கம்ப்ரஸர்னு ஒரு வார்த்தை சொல்றீங்க, சனங்க நம்பி விட்டுடறாங்கல்ல. ஒரே ஒரு தடவை நீங்க அப்படி விடுங்களேன்."

மனுக்காரர் பேனாவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். அவர் குரல் குழைந்தது.

"காரணம் மட்டும் தெரிஞ்சுட்டா போட்டுடுவேன்மா."

"எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் என் காதுல சொன்னாரு."

மனுக்காரரின் கண்கள் விரிந்ததை என்னவென்று சொல்வது? நகராட்சியின் அத்தனை அலமாரிகளும் இத்தனை நாளாக அவருக்குக் கொடுக்காததைச் சுமந்துகொண்டு, தாலி கட்டிய மனைவி கைக்கெட்டும் தூரத்தில், வேன் சாவியைச் சுழற்றியபடி நிற்கிறாள்.

"சொல்லு."

"கையெழுத்துப் போடுங்க. பர்மிட் கைக்கு வந்தப்புறம் சொல்றேன்."

போட்டார். ஐயா, போட்டேவிட்டார். போட்ட கையோடு, இதுவரை எத்தனை பேர் இப்படி வாபஸ் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டால் என்ன என்று வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஏற்பு நின்றது, அபராதம் போனது, பர்மிட் வந்தது. திங்கட்கிழமை காலை வேன்காரம்மா கண்ணாடியைத் துடைத்து, பர்மிட்டை அதில் ஒட்டி, சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மனுக்காரர் குளித்து, தலை சீவி, வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவெல்லாம் காத்திருந்த முகம்.

"இப்பச் சொல்லு."

அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்த மாதிரிதான் இருந்தது.

"மறந்து போச்சுங்க" என்றார். "சிரிப்பு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கு."

வேன் போய்விட்டது. மனுக்காரர் தெருவில் நின்றார்.

பாவம், பைத்தியம் பிடித்த மனுஷன், காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, காரியம் முடிந்ததல்லவா என்று தலையை ஆட்டிவிட்டு நீங்கள் இப்போது வேறு வேலைக்குப் போகலாம். போகிறீர்களா? போகவில்லை. அந்தப் பெரியவர் காதில் என்னதான் சொன்னார் என்று மேலே போய் ஒருதடவை தேடிவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே இல்லை. எழுதுகிறவன் விட்டுவிட்டானா, வேண்டுமென்றே மறைக்கிறானா, சொல்ல வேண்டியது அவன் கடமையில்லையா என்று உள்ளுக்குள் ஒரு குடைச்சல் இப்போதே ஆரம்பித்திருக்கும். அது ஆரம்பித்தால் நிற்காது. ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். இடது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று எழுதத் தொடங்குங்கள். மூலைக்கடை செராக்ஸ்காரர் எழுந்து நிற்கிற நாள் வெகு தூரத்தில் இல்லை.